ஐந்தடி ஆறங்குலம்

கன்னியாகுமரியில் வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் கடலைப் பார்க்கத்தான் விரைவார்கள். அடுத்த முறை ஐந்து நிமிடம் ஒதுக்கி, நடைமேடையின் கடைசிமுனைவரை நடந்து பாருங்கள். தண்டவாளம் ஒரு தடுப்பில் முட்டி நின்றுவிடும். அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிவரும் விவேக் எக்ஸ்பிரஸும் இங்கே வந்துதான் மூச்சுவிடுகிறது. அத்தனை தூரத்திலும் மாறாத அளவு ஒன்று உண்டு. இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர், பழைய கணக்கில் ஐந்தடி ஆறங்குலம். அகலப்பாதை என்று நாம் சொல்வது இதைத்தான்.

நாட்டின் எல்லையைத் தாண்டினால் பல இடங்களில் இந்த அளவு மாறிவிடும். மியான்மர், தாய்லாந்து, மலேசியாவில் 1,000 மில்லிமீட்டர். சீனா, ஈரான், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 1,435. ரஷ்யாவிலும் மங்கோலியாவிலும் 1,520. நாடுகளுக்கிடையே ரயில் ஓட்டுவதென்றால் முதலில் மோதுவது இந்த எண்களோடுதான்.

சில அங்குல வித்தியாசத்துக்கு ஏன் இந்தப் பாடு என்பது, ரயில் சக்கரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் விளங்கிவிடும். டீக்கடைக் காகிதக் கப் இரண்டை எடுத்து, வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டுங்கள். நடு பெருத்து, இரண்டு ஓரமும் சிறுத்த ஓர் உருளை கிடைக்கும். இரண்டு நீளக் கம்புகளை இணையாக, லேசான சரிவில் வைத்து அதன்மேல் உருட்டிவிடுங்கள். கொஞ்சம் கோணலாக விட்டாலும் தானே நேராகி ஓடும். அடுத்து இரண்டு கப்பையும் அடியோடு அடி ஒட்டி உருட்டிப் பாருங்கள். நாலு விரற்கடை போவதற்குள் விழுந்துவிடும்.

ரயில் சக்கரம் முதல் வகை. ஒரே அச்சில் இறுக்கிய இரண்டு சக்கரங்கள், உள்பக்கம் பருத்து வெளிப்பக்கம் லேசாகச் சரியும். வளைவில் வண்டி வெளிப்புறம் ஒதுங்கும்போது வெளிச்சக்கரம் பருத்த பகுதியில் உருள்கிறது, உள்சக்கரம் சிறுத்த பகுதியில். ஒரே சுற்றில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போவதால் வண்டி தானாகவே திரும்புகிறது. சக்கரத்தின் உள்ளோரத்தில் துருத்தும் விளிம்பு, அதற்கும் மீறி விலகினால் தடுக்கிற கடைசிக் காவல். இவ்வளவும் நடக்க, சக்கரங்களின் இடைவெளி தண்டவாளத்தின் இடைவெளியோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். அச்சு நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது.

அளவு மாறும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை அறிய நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் வெளிநாடு போகவேண்டியதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து 1979-ல் இங்கே வந்த பாதையும், 1981-ல் நாகர்கோவிலைத் திருநெல்வேலியோடு இணைத்த பாதையும் அகலப்பாதைகள். அப்போது திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போன நெல்லை எக்ஸ்பிரஸ் மீட்டர்கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் வண்டி. "திருநவேலியில எறங்கி, கருப்பட்டிப் பெட்டியையும் பழக்கொலையையும் தூக்கிட்டு அடுத்த வண்டிக்கு ஓடணும்லா" என்று பெரியம்மா இன்றும் சொல்வார். ஆட்கள் நடந்து மாறிவிடலாம். ஆயிரம் டன் சிமெண்டை மாற்றுவதற்குக் கூலியும் நாளும் வேண்டும், சேதாரமும் சேரும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழிகளில் என்னை அசரவைப்பது சீன–மங்கோலிய எல்லையில் எரென்ஹோட்டில் நடப்பது. எல்லை தாண்டும் பயணிகள் ரயிலின் பெட்டிகளைக் கொட்டகைக்குள் தள்ளி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழற்றி, ஜாக்கி வைத்து ஆளோடு சேர்த்து உயர்த்துகிறார்கள். கீழே இருக்கும் போகி, அதாவது சக்கரங்கள் பூட்டிய வண்டிச்சட்டம், உருண்டு வெளியே போகிறது. வேறு அகலத்துப் போகி உள்ளே வருகிறது. பெட்டியை இறக்கிப் பூட்டுகிறார்கள். சில மணி நேர வேலை, பயணிகள் படுக்கையை விட்டு எழ வேண்டாம்.

ஸ்பெயினில் டால்கோ ரயில்கள் 1969-லேயே இன்னொரு வழியில் பிரான்ஸுக்குள் போயின. அவற்றில் இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் அச்சே கிடையாது. எல்லையில் வண்டி மெல்ல ஊர்ந்து ஒரு மேடையைக் கடக்கும். பெட்டியின் பாரத்தைப் பக்கவாட்டுத் தாங்கிகள் ஏற்றுக்கொள்ள, சக்கரத்தின் பூட்டு விடுபடும். வழிகாட்டிக் கம்பிகள் சக்கரத்தை 1,668-லிருந்து 1,435-க்கு நெருக்கும். பூட்டு மறுபடி விழும்.

இரண்டு அகலத்துக்கும் சேர்த்து மூன்றாவது தண்டவாளம் போடுவதும் உண்டு. வங்கதேசத்தில் அகலப்பாதையையும் மீட்டர்கேஜையும் பல இடங்களில் அப்படித்தான் சேர்த்திருக்கிறார்கள். 1,520-க்கும் 1,435-க்கும் இடையே அது நடக்காது. வித்தியாசம் வெறும் 85 மில்லிமீட்டர், தண்டவாளத்தின் அடிப்பாதமே அதைவிட அகலம். இரண்டை நெருக்கி வைக்க இடம் போதாது.

இதையெல்லாம் அறிந்தவர்கள் எழுதிய ஒப்பந்தம் என்பதால்தான், ஆசிய நாடுகளின் பாதைகளை இணைக்கும் டிரான்ஸ் ஆசிய ரயில்வே ஒப்பந்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையத்தின் முயற்சியில் 2006-ல் தென்கொரியாவின் பூசானில் கையெழுத்தாகி, 2009-ல் நடைமுறைக்கு வந்தது. எல்லா நாடும் ஒரே அகலத்துக்கு மாற வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. எந்தெந்தப் பாதைகள், எங்கே எல்லை நிலையம், எங்கே அகலம் மாறுகிறது என்று பட்டியலிட்டு, அந்த இடங்களில் சரக்கு தேங்காமல் கைமாறவேண்டும் என்கிறது. அது நம்பியிருப்பது கன்டெய்னரை. உலகம் முழுக்க அதன் அளவுகளும், மூலைகளில் கொக்கி மாட்டும் துளைகளும் ஒரே தரத்தில் இருக்கும். கிரேன் தூக்கி அடுத்த பாதையின் வண்டியில் வைத்தால் தீர்ந்தது, உள்ளே இருக்கும் சரக்கை யாரும் தொடவேண்டாம்.

சாலையில் இந்தத் தொல்லை இல்லை, டயருக்கு எந்தத் தாரும் ஒன்றுதான். அங்கே வண்டியை நிறுத்துவது காகிதம். களியக்காவிளை வழியாக லாரி ஓட்டியவர்களைக் கேட்டால், ஜிஎஸ்டிக்கு முன்பு வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் நின்ற வரிசையைப் பற்றிச் சொல்வார்கள். ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களுக்கு நடுவிலேயே அந்த நிலை. நாடு விட்டு நாடு போகும் லாரிக்கு டிஐஆர் என்ற ஏற்பாடு இருக்கிறது, இந்தியா 2017-ல் அதில் சேர்ந்தது. புறப்படும் ஊரில் சுங்கத்துறை சரக்கைப் பார்த்து முத்திரை வைத்துவிடும். வழியிலுள்ள நாடுகள் பொதுவாக முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஏட்டில் குறித்துக்கொண்டு விட்டுவிடும். வரிக்குப் பொறுப்பாக ஓர் உத்தரவாத அமைப்பு பின்னால் நிற்கும்.

நமக்குப் பக்கத்து நாடான இலங்கையையும் பார்க்கவேண்டும். 1914-லிருந்து போட் மெயில் ரயிலின் பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் கொழும்பு ரயிலைப் பிடித்தார்கள். இந்தப் பக்கம் மீட்டர்கேஜ், அந்தப் பக்கம் ஐந்தடி ஆறங்குலம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அங்கிருந்து கப்பலேறும் வழியும் அதோடு போயிற்று. ராமேஸ்வரம் பாதை 2007-ல் அகலப்பாதையானது. போரில் சிதைந்த தலைமன்னார் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் திரும்பப் போட்டுக்கொடுக்க, 2015-ல் அங்கே மறுபடி வண்டி வந்தது. இன்றைக்கு இரண்டு கரையிலும் 1,676 மில்லிமீட்டர்தான். நடுவே கப்பல் மட்டும் இல்லை.