கீழ் இலைக்கு நோய் வந்தால் மேல் இலை தயாராவது எப்படி?

தண்டையார்பேட்டை மொட்டைமாடிகளில் தக்காளி வளர்ப்பவர்கள் ஐப்பசி மழை பிடித்தாலே கேட்கும் கேள்வி: அடி இலையில் கரும்புள்ளி விழுந்துவிட்டது, செடியைப் பிடுங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். மஞ்சள் விளிம்போடு கருகியிருக்கும் அந்தப் புள்ளியிலிருந்து மேல் இலைகளுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே தகவல் போயிருக்கும்.

செடிக்கு ரத்தமும் இல்லை, வெள்ளை அணுக்களும் இல்லை. ஆனாலும் 1961இல் ஃபிராங்க் ராஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், புகையிலையின் சில இலைகளில் வைரஸ் தொற்றிய பிறகு மற்ற இலைகள் அதே வைரஸை எதிர்த்து நிற்பதைக் காட்டினார். 1979இல் ரேமண்ட் வைட் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் செலுத்தினார், நோய்ப்புள்ளிகள் குறைந்தன. ஆஸ்பிரினின் நெருங்கிய உறவான சாலிசிலிக் அமிலத்தைச் செடியே தயாரிக்கிறது, நோய் வந்தால் அதன் அளவு கூடுகிறது என்பது 1990இல் உறுதியானது.

அப்படியானால் தூது போவது அதுதானா? ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்துவைக்க முடியாத அடிச்செடியில் நோயை ஏற்றினாலும், மேலே ஒட்டிய கிளை விழித்துக்கொண்டது. தூதர் வேறு யாரோ.

2018இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் ஒரே பொருளில் வந்து நின்றன: என்-ஹைட்ராக்ஸி பிப்பகோலிக் அமிலம். பெயர்தான் நீளம், மூலப்பொருள் நம் பருப்பில் நிறைய இருக்கும் லைசின். நோய் தாக்கியதும் செடி லைசினைப் பிப்பகோலிக் அமிலமாக்குகிறது. பிறகு எஃப்எம்ஓ1 என்ற நொதி அதில் ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்க்கிறது. அந்த ஓர் அணுதான் எனக்குத் தீராத வியப்பு. இந்த நொதி இல்லாத அராபிடாப்சிஸ் என்ற, ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு கடுகினச் செடியில் மேல் இலைகள் விழிப்பதே இல்லை. அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தால் விழிக்கின்றன. 2019இல் தக்காளியிலும் இதே வழி எதிர்ப்பைத் தூண்டக் கண்டார்கள்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதும் காசிமேட்டில் படகுகளை இழுத்துக் கட்டுவதுபோல, மேல் இலைகள் கிருமி வருமுன்பே பாதுகாப்புப் புரதங்களைத் தயார் செய்கின்றன. எந்நேரமும் அப்படி இருக்க முடியாது. எதிர்ப்பு ஓயாமல் இயங்கும்படி மாறிப்போன செடிகள் குள்ளமாகிவிடுகின்றன.

ஆகவே புள்ளி விழுந்த இலையை மட்டும் கிள்ளி எடுங்கள், செடி இருக்கட்டும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் வேறு கதை. குருத்து சுருண்டு செடி குறுகிவிட்டால் பிடுங்கத்தான் வேண்டும், பக்கத்துத் தொட்டிகளுக்கு ஈ தாவும் முன்.