நாளைக்கு வர்றேன் – டச்சு மொழியில்

"மழை பெய்யப் போகுது" என்பதை டச்சுக்காரருக்கு அப்படியே பெயர்த்துச் சொல்லலாம், புரிந்துவிடும். அவர்களும் "ஹெட் ஃகாட் ரேஃகனன்" என்றுதான் சொல்கிறார்கள். ஃகாட் என்றால் போகிறது, ரேஃகனன் என்றால் மழை பெய்ய. ஃக-வைத் தொண்டையைச் செருமுவதுபோல் உச்சரிக்க வேண்டும்.

இத்தனைக்கும் டச்சு வினைச்சொல்லுக்கு எதிர்கால உருவமே கிடையாது. நம் 'வருவேன்', 'நடப்பேன்' போல வினைக்குள் எதிர்காலத்தை நுழைக்க அங்கே இடைநிலை இல்லை. வினை உருமாறுவது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டும்தான்.

அதனால் யாரும் திண்டாடவில்லை. "இக் கொம் மொர்ஃகன்" என்றால் 'நான் வருகிறேன் நாளை'. காலம் காட்டும் வேலையை 'நாளை' பார்த்துக்கொள்கிறது. நாமும் பேச்சில் "நாளைக்கு வர்றேன்" என்கிறோமே, அதே உத்தி. ஒரே வம்பு, மொர்ஃகன் என்ற சொல்லுக்குக் காலை என்றும் பொருள் உண்டு. ஆகவே நாளைக் காலைக்கு 'மொர்ஃகன் மொர்ஃகன்' என்று அடுக்காமல், காலைக்குரிய வேறு சொல்லைச் சேர்த்து 'மொர்ஃகன்ஓஃக்டன்ட்' என்பார்கள்.

'போ' வினைக்கும் ஒரு வரம்பு உண்டு. நாம் கூசாமல் "போகப் போறேன்" என்கிறோம். நெதர்லாந்தில் "இக் ஃகா ஃகான்" என்றால் காதில் உறுத்தும். பெல்ஜியத்தின் டச்சுப் பகுதியான ஃபிளாண்டர்ஸில் இந்தப் 'போ' இன்னும் தாராளமாகப் புழங்குகிறது.

பாடநூல்கள் எதிர்காலம் என்று அறிமுகப்படுத்துவது பெரும்பாலும் 'ஸுல்லன்' என்ற துணைவினையை. எனக்கென்னவோ அது காலத்தைவிடப் பேசுபவரின் மனத்தையே அதிகம் காட்டுவதாகப் படுகிறது. அதன் பழைய பொருள் 'கடன்பட்டிருத்தல்'. டச்சில் கடனையும் குற்றத்தையும் குறிக்கும் 'ஸ்ஃகுல்ட்' அதற்கு உறவுக்காரச் சொல். பைபிளின் "களவு செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளைக்கு டச்சில் வருவதும் ஸுல்லன்தான். அந்தக் கடன் வாடை இன்னும் போகவில்லை. "இக் பெல் யெ" என்றால் 'உனக்கு போன் பண்றேன்', சும்மா தகவல். "இக் ஸல் யெ பெல்லன்" என்றால் (ஸல் என்பது ஸுல்லனின் ஒருமை உருவம்) அதில் வாக்குக் கொடுக்கும் தொனி ஏறிக்கொள்கிறது. அதுவே கேள்வியாகி "ஸுல்லன் வெ ஏட்டன்?" என்றால் 'சாப்பிடலாமா?'

"ஹை ஸல் வெல் தவ்ஸ் ஸைன்" என்ற வாக்கியத்தில் எதிர்காலமே இல்லை. 'அவன் வீட்டில்தான் இருப்பான்' என்று இந்த நொடியைப் பற்றிய ஊகம் அது. தமிழின் 'இருப்பான்' செய்யும் அதே வேலை.

இந்த ஊகம் சலித்துப்போனால் "ஹெட் ஸல் வெல்" ஆகிறது. நீங்கள் ஆர்வமாக ஏதோ அளந்துகொண்டிருக்கிறீர்கள். எதிரே இருப்பவர் காபிக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல் இந்த மூன்று சொல்லைச் சொல்கிறார். தமிழில் அது, "இருக்கும், இருக்கும்."