கோபுரம் எங்கே பிளக்கும்?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரம். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்த ஒன்பது நிலைக் கோபுரத்தின் அடித்தளம் 108 அடிக்கு 67 அடி. வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அடி முதல் கலசம் வரை ஒரே கட்டுமானமாகத் தெரியும். ஆனால் கீழே இருப்பது கருங்கல் கட்டடம், அதன் தலையில் நிற்பது செங்கல் கட்டடம்.

உபபீடம் (அடிப்பீடம்), அதிட்டானம் (அதன் மேல் சுவரைத் தாங்கும் பீடம்), சுவர் வரையுள்ள கல் பகுதியைத் திருப்பணிக்காரர்கள் கல்காரம் என்பார்கள். அதற்கு மேல் எல்லா நிலைகளும் செங்கல், சுண்ணாம்புக் காரை, சுதை (சுண்ணாம்புச் சிற்ப) வேலைதான். காரணம் எடை. கருங்கல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,700 கிலோ. செங்கல் கட்டு சுமார் 1,800 கிலோ. அதோடு ஒவ்வொரு நிலையின் உள்ளும் அறை போல வெற்றிடம் விட்டு, மேலே போகப்போகச் சுவரை உள்ளடக்கிக் கட்டுவார்கள். கருவறைக்கு மேல் எழும் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் உச்சிவரை கல்லாலேயே நிற்கிறது என்றால், அதன் நடுவே ஊர்வலம் போகும் அளவுக்கு வழி விட வேண்டிய தேவை இல்லை என்பதும் ஒரு காரணம்.

அந்த வழிதான் கோபுரத்தின் தீராத சிக்கல். வாசல் நடுவில் புகுந்து செல்வதால் அடிப்பகுதி இரண்டு தனித்தனிக் கட்டடங்களாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டையும் இணைப்பது மேலே குறுக்கே கிடக்கும் கல் உத்திரங்களும் அவற்றின் மேலுள்ள செங்கல் கட்டும்தான். கருங்கல் அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும். இழுவையைத் தாங்கும் வலிமை அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. உத்திரம் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும், அங்கேதான் கீறல் தொடங்கும். அதனால் பக்கச் சுவர்களிலிருந்து கற்களை வரிவரியாக முன்தள்ளி இடைவெளியைக் குறைப்பார்கள். 20 அடி இடைவெளி 14 அடியாகக் குறைந்தால், சீரான பாரத்தில் உத்திரத்தை வளைக்கும் தாக்கம் பாதியாகிவிடும். மதுரையிலேயே புதுமண்டபத்துக்குக் கிழக்கே முற்றுப்பெறாமல் நிற்கும் ராயகோபுரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 50 அடி உயர ஒற்றைக்கல் நிலைக்கால்கள், இருபுறமும் தனித்தனியாக எழும் கல்காரம். மேலே கட்டு ஏறாததால் இந்த இரட்டை அமைப்பு அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. கோயிற்கலை படிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இனி, இடப்பக்க மண் வலப்பக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் என்ன ஆகும்? கீழ்வாசலுக்கு நேர் மேலே ஒவ்வொரு நிலையிலும் ஒரு திறப்பு இருக்கிறது. அந்த நடுக்கோட்டில்தான் செங்கல் மிகக் குறைவு. விரிசல் அதைப் பிடித்துக்கொண்டு மேலேறும். அறைகளுக்குள் கிடக்கும் மர உத்திரங்கள் இரு சுவர்களையும் ஓரளவு பிணைத்து வைக்கும். சுவருக்குள் புதைந்த அவற்றின் முனைகள் ஈரத்தாலும் கரையானாலும் உளுத்துப்போனால் அந்தப் பிணைப்பும் போய்விடும். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரத்தில் விரிசல் முன்பே தெரிந்திருந்தது. 2010 மே 26 அன்று ஏழு நிலைகளும் சரிந்து மண்மேடாயின.

விரிசலை வளர்ப்பது தண்ணீர். பறவை எச்சத்தில் வந்த ஆல, அரச விதைகள் சுதைச் சிற்பங்களின் மடிப்பில் முளைக்கும்; வேர் விரித்த இடுக்கு வழியே மழைநீர் உள்ளே இறங்கும். செடியை வெட்டினால் மட்டும் போதாது; வேர் உள்ளேயிருந்து மறுபடி தழைக்கும். செங்கல்லைப் பிரித்து வேரை முழுதாக எடுத்து, அந்த இடத்தை மீண்டும் கட்ட வேண்டும்.

எதைக் கொண்டு கட்டுவது என்பதில்தான் பல திருப்பணிகள் கெட்டுப்போகின்றன. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் ஏறத்தாழ மூன்று பங்கு சேர்த்து நன்றாக அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் விட்டுக் காரை செய்வது பழைய முறை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி அது இறுகும். நெகிழ்வு உண்டு, உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விரைவில் காய்கிறது என்பதற்காக மேலே பூசினால், ஈரம் உள்ளே அடைபடும். உப்பு பூத்து, பழைய செங்கல் பொடிந்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும், சிற்பத்தின் முகத்தையும் சேர்த்துக்கொண்டு. அடுக்கடுக்காகப் பூசும் எனாமல் வண்ணமும் இதே தீங்கைத்தான் செய்கிறது. வண்ணத்தில் காட்டும் அக்கறையில் பாதியை உள்ளறைகளின் ஈரத்தின் மேல் காட்டினால் கோபுரங்கள் இன்னும் பல நூற்றாண்டு நிற்கும்.

விரிசல் பழையதா, வளர்கிறதா என்றறிய எளிய வழி உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை இரு முனைகளிலும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி வைக்க வேண்டும். அடுத்த மழைக்காலம் முடிந்தும் கண்ணாடி முழுதாக இருந்தால், விரிசலைக் கழுவி ஈரமாக்கி, சுண்ணாம்புக் குழம்பைக் கீழ்த்துளையிலிருந்து தொடங்கி ஊற்றலாம். மேல்துளையில் குழம்பு வழிந்த பிறகே கீழ்த்துளையை அடைத்து அடுத்ததற்குப் போக வேண்டும். கண்ணாடி உடைந்திருந்தால் விரிசலை அடைப்பது வீண். அடித்தளத்தைச் சுற்றி மழைநீரும் சாக்கடையும் எங்கே தேங்குகின்றன என்று முதலில் தேட வேண்டும்.