சிறுநீரகம் நின்றால் எந்த வாசல்? தென்னாப்பிரிக்க மருத்துவம் இயங்கும் விதம்

1997இல் டர்பனில் தியாகராஜ் சுப்ரமணி என்ற 41 வயதுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருந்தன. சர்க்கரை, இதய நோய், முந்தைய ஆண்டு ஒரு பக்கவாதம். கையில் பணம் இருந்தவரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். தீர்ந்ததும் அடிங்டன் அரசு மருத்துவமனையைக் கேட்டார். அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள், அதிலும் சில பழுது. ஒருவருக்கு நான்கு மணி நேரம் ஓடும், கழுவ இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். இரவும் பகலும் ஓட்டினாலும் ஓர் இயந்திரத்தால் நாளுக்கு நான்கு பேரைத்தான் பார்க்க முடியும். எனவே மருத்துவமனை ஒரு விதி வைத்திருந்தது. சரியாகிவிடக்கூடிய திடீர்ச் செயலிழப்பு என்றால் உடனே இடம் உண்டு. நாட்பட்டது என்றால், சிறுநீரக மாற்றுக்குத் தகுதி உள்ளவருக்கே இடம். இதய நோயால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை.

அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 27(3)ஆம் பிரிவு. அதைக் காட்டி வழக்குப் போட்டார். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆயுள் முழுக்கத் தேவைப்படும் சிகிச்சை ‘அவசரம்’ ஆகாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் நவம்பர் 27 அன்று தீர்ப்பளித்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

கொடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். ஆனால் இந்த நாட்டில் மருத்துவம் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் குறைவு. அவசர வாசல் எல்லோருக்கும் பொது. நெடுநாள் சிகிச்சைக்கு எந்த வாசல் என்பதை உங்கள் கையில் இருக்கும் காகிதம் முடிவு செய்கிறது.

மக்கள் தொகை ஆறு கோடிக்கு மேல். அதில் ‘மெடிக்கல் எய்ட்’ என்ற, சந்தா கட்டிச் சேரும் மருத்துவ நிதியை வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ 90 லட்சம் பேர், அதாவது ஏழில் ஒருவர். நாடு மருத்துவத்துக்குச் செலவிடும் பணத்தில் சுமார் பாதி அந்த ஒருவர் பக்கம் போகிறது. மீதிப் பாதியில் மற்ற ஆறு பேரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அரசு வாசல். டர்பனின் சேட்ஸ்வொர்த் பகுதியில் சர்க்கரை உள்ள ஓர் ஆயாவுக்குத் தலை சுற்றுகிறது, ஆர்.கே. கான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே யார் முதலில் வந்தார் என்பது கணக்கே இல்லை. சிஸ்டர் ஏழு விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்: நடக்க முடிகிறதா, மூச்சு வேகம், நாடித் துடிப்பு, மேல் ரத்த அழுத்தம், காய்ச்சல், நினைவு, அடிபட்டிருக்கிறதா. கூட்டினால் 7 அல்லது அதற்கு மேல் சிவப்பு, உடனடி சிகிச்சை. 5, 6 ஆரஞ்சு, 10 நிமிடத்துக்குள். 3, 4 மஞ்சள், ஒரு மணி நேரம். அதற்குக் கீழே பச்சை, நான்கு மணி நேரம். இவை இலக்குகள்தாம், கூட்டமான நாளில் பச்சைக்காரர் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது.

மதிப்பெண் குறைவாக இருந்தாலும் சில அறிகுறிகள் நிறத்தை உயர்த்தும். நெஞ்சு வலி நேராக ஆரஞ்சு. சர்க்கரை 3க்குக் கீழே என்றால் சிவப்பு. 11க்கு மேல் போய்ச் சிறுநீரில் கீட்டோனும் இருந்தால் ஆரஞ்சு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தடுமாறும் இடம் இது. இங்கே அளவு மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் ஊரில் சொல்லும் எண் வரும்: 3 என்பது 54, 11 என்பது 198. “சுகர் 15தான்” என்று நிம்மதியாகச் சொல்பவர் உண்மையில் 270இல் நிற்கிறார்.

அவசரம் இல்லாத எதற்கும் ஏணி கிளினிக்கில் தொடங்குகிறது. மெடிக்கல் எய்ட் இல்லாதவருக்குக் கிளினிக் இலவசம். அங்கிருந்து மாவட்ட மருத்துவமனை, பிராந்திய மருத்துவமனை, உச்சியில் டர்பனின் கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை. உச்சிக்குப் பரிந்துரைக் கடிதமில்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருத்துவமனைக் கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. முதியோர் உதவித்தொகை வாங்குபவர் எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் அடையாள அட்டையும் வருமானச் சான்றும் முகவரிச் சான்றும் ஃபைலில் சேராவிட்டால் முழுக் கட்டணம் போட்டுவிட வாய்ப்புண்டு.

சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு மாத்திரைப் பொட்டலத்தை வீட்டுக்கு அருகிலுள்ள மருந்துக்கடையில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. வசதிதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கிளினிக் வாசலை மிதிக்காத மாதங்களில் ரத்தப் பரிசோதனையும் மறந்துபோகும். சிறுநீரகம் வலிக்காமல் கெடுகிற உறுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதிலிருந்து கணக்கிடும், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (eGFR) மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால் நாட்பட்ட நோய். 30க்குக் கீழே போனால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். 15க்குக் கீழே டயாலிசிஸ் பேச்சு தொடங்கும்.

இனி தனியார் வாசல். மெடிக்கல் எய்ட் என்பது உறுப்பினர்களுக்குச் சொந்தமான, லாப நோக்கமற்ற நிதி. அதை நிர்வகிக்கும் கம்பெனிதான் லாபம் பார்க்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளி என்று சொல்லி யாரையும் தள்ள முடியாது, வயதானவரிடம் கூடுதல் சந்தாவும் கேட்க முடியாது. அப்படியானால் எல்லாரும் நோய் வந்தபிறகே சேருவார்கள் அல்லவா? அதைத் தடுக்க இரண்டு வேலிகள். ஒன்று காத்திருப்பு: பொதுவாக மூன்று மாதம், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதம். மற்றது தாமதத் தண்டம். 35 வயதுக்குப்பின் மெடிக்கல் எய்ட் இல்லாமல் கழிந்த ஆண்டுகளை எண்ணுகிறார்கள். 4 ஆண்டு வரை 5 சதவீதம், 14 வரை 25, 24 வரை 50, அதற்கு மேல் 75. இந்தியாவில் வைத்திருந்த காப்பீடு இந்தக் கணக்கில் சேராது. 52 வயதில் முதல்முறை சேருபவருக்கு 17 ஆண்டு, ஆக 50 சதவீதம். இது ஓராண்டோடு முடிவதில்லை, ஆயுள் முழுக்கத் தொடரலாம்.

எந்தத் திட்டமானாலும் கட்டாயமாகத் தர வேண்டிய குறைந்தபட்சச் சிகிச்சைகள் சட்டத்தில் இருக்கின்றன: ஏறத்தாழ 270 நோய்களும் 26 நாட்பட்ட நோய்களும். சர்க்கரை அதில் உண்டு. திட்டம் குறித்துக் கொடுத்திருக்கும் மருத்துவரிடம் போனால் முழுச் செலவையும் நிதியே ஏற்க வேண்டும். சந்தாவில் ஒரு பகுதியை உங்கள் பெயரில் ஒதுக்கும் சேமிப்புக் கணக்கில் கைவைக்கக் கூடாது. வேண்டுமென்றே வேறு மருத்துவரிடம் போனால் வித்தியாசம் உங்கள் தலையில். அந்த வித்தியாசம் பெரிதாகவே இருக்கும், ஏனென்றால் நிபுணர்களின் கட்டணத்துக்கு வழிகாட்டியாக இருந்த அரசு விலைப்பட்டியலை 2010இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

நிதியோடு சண்டை பெரும்பாலும் பில்லில் மருத்துவர் போடும் நோய்க் குறியீட்டில் தொடங்குகிறது. பில்லில் ‘E11.9’ என்று இருந்தால் இரண்டாம் வகைச் சர்க்கரை, நிதி கட்ட வேண்டும். பொதுப் பரிசோதனை என்ற குறியீட்டைப் போட்டுவிட்டால் அதே பில் சேமிப்பைத் தின்றுவிடும். திருத்தித் தர வேண்டியவர் மருத்துவர்; நிதியிடம் கத்திப் பயனில்லை. சிகிச்சை நடந்த மாதத்தை அடுத்த நான்காவது மாதக் கடைசிக்குள் பில் போய்ச் சேரவும் வேண்டும்.

டயாலிசிஸும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஒரு வால் ஒட்டியிருக்கிறது: அரசுச் சுகாதாரத் துறையின் தகுதி விதிகளுக்கு உட்பட்டு. அடிங்டன் சொன்ன அதே தர்க்கம் சந்தா கட்டியவரையும் வந்து தொடலாம். சில திட்டங்கள் அதற்கு மேலும் தருகின்றன. சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

இரண்டு வாசலையும் ஒன்றாக்கும் தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 2024 மே 15 அன்று குடியரசுத் தலைவர் ராமபோசா கையெழுத்திட்டார். எதிர்த்து வழக்குகள் குவிந்தன. கிளினிக் வரிசையில் நிற்பவருக்கு அதனால் இன்னும் எதுவும் மாறவில்லை.

சந்தா கட்ட முடியாமல் அரசு வாசலுக்கு மாறும் சிறுநீரக நோயாளி, தனியார் மையத்தை விட்டு வரும்முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: நோய்ச் சுருக்கம், கடைசி ரத்தப் பரிசோதனைகள், நீர் இறக்கியபின் இருக்க வேண்டிய எடை, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. முடிவுகள், கையிலுள்ள ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இணைத்த ரத்தக்குழாய்) எப்போது வைத்தது என்ற விவரம், மருந்துப் பட்டியல். ஹெபடைடிஸ் முடிவு இல்லாமல் எந்த மையமும் இயந்திரத்தில் ஏற்றத் தயங்கும். கடைசி டயாலிசிஸ் முடிந்து இரண்டு மூன்று நாள் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். மூச்சுத் திணறினாலோ நாடி தவறினாலோ கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 10177ஐ அழையுங்கள், அது அவசர வாசல்.