பல்லின் கறை எந்த அடுக்கில் இருக்கிறது?

முன்பற்களைச் சுத்தமான துணியால் துடைத்து, உதட்டை ஒரு நிமிடம் விலக்கிப் பிடித்து, கண்ணாடியில் பாருங்கள். அதுவரை இல்லாத வெள்ளைத் திட்டுகள் சிலருக்குத் தெரியும். எச்சில் பட்டதும் மங்கிவிடும். நனைந்த வேட்டி உள்ளிருப்பதைக் காட்டுவதும் இதே காரணத்தால்தான். நூல்களுக்கு நடுவே காற்று இருக்கும்வரை ஒளி சிதறித் துணி வெள்ளையாகத் தெரிகிறது. அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பினால் சிதறல் குறைகிறது. பல்லின் மேல் ஓடான எனாமலிலும் இதே கதைதான்: ஒளியை வளைக்கும் அளவான ஒளிவிலகல் எண் எனாமலுக்குச் சுமார் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1.0; எண்கள் நெருங்கினால் சிதறல் குறையும். காய்ந்தால் மட்டும் தெரியும் திட்டு மேலோட்டமானது. ஈரத்திலும் தெரிவது ஆழமானது. எந்தச் சிகிச்சை பலிக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஆழமே முடிவு செய்கிறது.

டீ, வெற்றிலை, புகையிலைக் கறைகள் எனாமலின் மேல்தான் ஒட்டியிருக்கும். ஸ்கேலிங் (பல்லில் படிந்ததைச் சுரண்டி எடுப்பது) செய்து பாலிஷ் போட்டாலே போதும். 'ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும்' என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. ஈறு நோயால் ஏற்கெனவே தளர்ந்த பல்லை, அதில் கல்லாக இறுகிய படிவான காரை பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். பாக்கு மெல்லுபவருக்கு வாய் திறப்பது குறைந்திருந்தாலோ, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் தழும்பு இருந்தாலோ அழகுச் சிகிச்சையைத் தள்ளிவைத்து முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

கல்லுப்பும் கரித்தூளும் வைத்துத் தேய்ப்பதும், எலுமிச்சை தடவுவதும் வேண்டவே வேண்டாம். பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை இருக்கும். எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கின் மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

வயதால் ஏறிய மஞ்சளுக்கு ப்ளீச்சிங் நல்ல வழி. பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த தட்டில் (ட்ரே) வெளுக்க வைக்கும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து இரவில் போட்டுக்கொண்டால் இரண்டு மூன்று வாரங்களில் மாற்றம் தெரியும். அதிலிருந்து வெளிவருவது ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கிளினிக்கில் ஒரே அமர்வில் பயன்படுத்துவது 35 முதல் 40 சதவீதம். ஈறை மூடாவிட்டால் வெந்துபோகும். பல் கூச்சம் சில நாளில் அடங்கும். பழைய ஃபில்லிங்கும் கேப்பும் வெளுக்காது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபுளூரைடு திட்டு வேறு வகை. எட்டு வயதுக்குள், எனாமல் உருவாகும்போதே அதிக ஃபுளூரைடு சேர்ந்தால் மேற்பரப்புக்கு அடியில் நுண்துளைகள் தங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 1.5 மி.கி. வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் தண்ணீரை நாக்கில் வைத்து உவர்ப்பா நல்ல தண்ணீரா என்று சொல்லிவிடுவோம். ஃபுளூரைடுக்கு அந்தச் சோதனை செல்லாது. காய்ச்சினாலும் அது போகாது. சின்னப் பிள்ளைகள் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

இந்தத் திட்டுக்கு ப்ளீச்சிங் மட்டும் செய்தால் முதல் சில நாள் வெள்ளை இன்னும் கூடித் தெரியும். ரெசின் (ஒளி பட்டால் இறுகும் பிசின்) ஊடுருவல் முறை துளையையே நிரப்புகிறது. ரப்பர் திரை கட்டி, 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 நிமிடம்; நன்றாகக் கழுவி, எத்தனால் 30 வினாடி. இந்தக் கட்டத்தில் திட்டு மறைந்தால் ரெசினிலும் மறையும். மறையாவிட்டால் அமிலத்தை மறுபடி வைக்க வேண்டும். பிறகு நீர்போல் மெல்லிய ரெசினை 3 நிமிடம் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைத்து, 40 வினாடி ஒளி காட்டி இறுக வைப்பார்கள். ரெசினின் விலகல் எண் ஏறத்தாழ 1.5, அதாவது எனாமலுக்குப் பக்கம். பழுப்பேறிய திட்டு இதற்கு லேசில் மசியாது. அமிலமும் அரைதூளும் சேர்த்து மெல்லத் தேய்த்தோ, ப்ளீச் செய்தோதான் நிரப்ப வேண்டும்.

ஓரம் உடைந்த பல்லுக்கும் இடைவெளிக்கும் காம்போசிட், அதாவது பல் நிறத்திலான ரெசின் பூச்சு. நிறத்தைப் பல் காய்வதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். காய்ந்த பல் வெளுத்துக் காட்டும், அந்த நிறத்தில் ஒட்டியது மறுநாள் சுண்ணாம்புபோல் தனித்துத் தெரியும். ப்ளீச் செய்திருந்தால், அது முடிந்து இரண்டு வாரமாவது பொறுத்துத்தான் காம்போசிட் ஒட்ட வேண்டும். பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசினை இறுக விடாது. பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடான வெனீருக்கு 0.3 முதல் 0.7 மி.மீ. வரை எனாமலைச் செதுக்குவது வழக்கம். செதுக்கியது திரும்ப வளராது. வெறும் நிறத்துக்காக நல்ல பல்லைச் சுற்றிலும் அறுத்துக் கேப் போடுவதை இளம் வயதினர் மறுத்துவிடுவதே நல்லது.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் தங்கள் தொழிலைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும். ஃபில்லிங்குக்கு அடியில் காற்றுப்பை இருந்தால் மூழ்கும்போதோ ஏறும்போதோ பல் குத்தும். கேப்பை ஒட்டும் ஜிங்க் பாஸ்பேட், கிளாஸ் அயனோமர் சிமென்ட்டுகள் அழுத்தம் மாறி மாறி வந்தால் பிடிப்பு இழக்கும். ரெசின் சிமென்ட் தாங்கும்.