அகாடமிக்குத் தமிழ் நாற்றங்காலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பை ஒட்டிய திடலின் வேலியில் மூன்று மாதமாக ஒரு பதாகை தொங்குகிறது. பந்தை உதைக்கும் பையன் படம், அடியில் கைப்பேசி எண், நடுவில் பெரிய மஞ்சள் எழுத்தில் ‘சிறுவர் காற்பந்து நாற்றங்கால்’. வாரம் இரண்டு நாள் பயிற்சி, மாதம் 80 வெள்ளி. முதல் வாரமே பையன்கள் அந்தப் பெயரைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “டேய், நாற்றம்… கால்!” என்று கத்த, மற்றவர்கள் புல்லில் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாள் கைப்பேசியில் வந்த இங்கிலாந்துக் காற்பந்துச் செய்தி ஒன்று, ‘ஏழு வயதில் அர்செனல் நாற்றங்காலில் சேர்ந்த புகாயோ சாகா’ என்றது. அப்போது சிரிப்பு வரவில்லை. அகாடமிக்குத் தமிழாக ஒரு பதாகையோடு போகும் என்று நினைத்த சொல் பரவத் தொடங்கிவிட்டது. ஆகவே இதை எழுதுகிறேன்.

அகாடமி கிரேக்கச் சொல். ஏதென்ஸ் நகருக்கு வெளியே அகாடெமோஸ் என்ற வீரனின் பெயரால் வழங்கிய ஒலிவ மரத் தோப்பு அது. கி.மு. 387 வாக்கில் பிளேட்டோ அங்கே கற்பிக்கத் தொடங்க, இடத்தின் பெயர் பள்ளிக்கு ஒட்டிக்கொண்டது. பிளேட்டோ வருவதற்கு முன்பே அந்தத் தோப்பில் உடற்பயிற்சிக் களமும் ஓட்டப் பாதைகளும் இருந்தன. மல்லுக்கட்டிய இடத்துக்குத்தான் தத்துவம் பிறகு வந்து சேர்ந்தது. அறிஞர்களின் சொல்லைப் பந்துக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இது போதும்.

காற்பந்துக் கழகங்கள் இன்று இந்தச் சொல்லால் எதைக் குறிக்கின்றன? பெரிய குழுவுக்கு ஆள் தயாரிக்கும் தன் சொந்த அமைப்பை. கழகமே ஆள் அனுப்பித் தேடுகிறது, தேர்ந்தெடுக்கிறது, பதிவு செய்கிறது. இங்கிலாந்தில் 2012-இல் புதிய திட்டம் வந்தபின் அகாடமிகளை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்பது வயதுக்குட்பட்டோர் குழுவிலிருந்து பதிவு தொடங்குகிறது. பள்ளிப்படிப்பு, உணவு, மருத்துவம் எல்லாம் திட்டத்துக்குள் வரும். ஆண்டுக்காண்டு ஆட்களைக் கழிப்பார்கள். பதினாறு வயதில் சிலரை மட்டும் வைத்துக்கொள்வார்கள், பதினேழில் அவர்களிலும் சிலருக்கே தொழில்முறை ஒப்பந்தம். பெற்றோர் மாதச் சந்தா கட்டிச் சேர்க்கிற இடம் அல்ல அது. இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

பழைய பெயர்ப்பு ‘கல்விக் கழகம்’. நம் நாட்டுச் செய்திகளில் கிளப்புக்குக் கழகம் என்ற சொல் நிலைத்துவிட்டது. விளைவு, ‘அர்செனல் கழகத்தின் கல்விக் கழகத்தில்’ என்று எழுதுகிறார்கள். வாசிக்கிறவருக்கு எந்தக் கழகம் எதற்குள் என்று தெரியாது. கழகம் என்பதே பல வேஷம் போட்ட சொல். ‘கவறும் கழகமும் கையும்’ என்று வள்ளுவர் சூதாட்டத்தைச் சாடும்போது அது சூதாடும் இடம். கம்பன் கோசல நாட்டை வர்ணிக்கும்போது ‘கந்தனை அனையவர் கலைதெரி கழகம்’ என்கிறான். அங்கே அது இளைஞர் கலை பழகும் இடம். இன்று அது கட்சி, கிளப், பல்கலை. இனி ஒரு மூட்டையை அதன் தலையில் ஏற்றினால் தாங்காது. இதில் எனக்கு அதிகம் சண்டையில்லை. கல்விக் கழகம் தானே மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது.

சண்டை நாற்றங்காலோடுதான்.

பதாகை வைத்தவன் என்னிடம் நான்காம் ஆண்டில் தமிழ் படித்தவன். ஒட்டுக்கடையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டேன். “நல்ல தமிழ்ச் சொல் சார். பழைய சொல். அதில கால்கூட இருக்கு பாருங்க” என்றான். கால் இருக்கிறது, சரி. ஆனால் அது உதைக்கிற கால் இல்லை. நாற்று விடும் இடம் என்பதற்காக நின்ற கால் அது. நாற்றங்காலில்தான் கால் இருக்கிறதே தவிர நாற்றுக்குக் கால் கிடையாது. அதுதான் என் முதல் குறை, வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 

நாற்று எதையும் கற்பதில்லை. தண்ணீர் ஊற்றினால் வளரும். பையன் அப்படி வளர்வதில்லை. பந்தை ஒரே சுவரில் ஆயிரம் தடவை அடிக்கிறான், இடது காலைப் பழக்குகிறான், தோற்று அழுகிறான், மறுநாள் வருகிறான். அவனுடைய உழைப்பை எல்லாம் தண்ணீர் ஊற்றியவன் கணக்கில் எழுதுகிற சொல் நாற்றங்கால். பயிற்றுநர்களுக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை.

இரண்டாவது குறை தோட்டத்தில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கம் நாற்றங்கால் என்று யாரும் சொல்வதில்லை, நெல் வயல் பக்கத்துச் சொல் அது. எங்களுக்கு நர்சரி. என் அம்மா செம்பனை நர்சரியில் தண்ணீர் ஊற்றியவர். சின்னக் கறுப்புப் பையில் மூன்று மாதம் நிழலில் கிடக்கும் கன்று, அப்புறம் பெரிய பைக்கு மாறும், ஏறக்குறைய ஒரு வருடத்தில் மலைக்காட்டுக்குப் போகும். போவதற்கு முன் மேற்பார்வை மண்டோர் வரிசை வரிசையாக நடப்பார். ஓலை ஒடுங்கியது, முறுக்கியது, உச்சி தட்டையாகப் போனது எல்லாவற்றையும் காலால் தள்ளிச் சாய்த்துவிட்டுப் போவார். பின்னால் வரும் பெண்கள் அவற்றைப் பொறுக்கி உரக் கொட்டகைக்குப் பின்னால் குவிப்பார்கள். நூற்றில் இருபது, முப்பது அப்படிப் போகும். மிச்சம் எழுபது, எண்பது நிச்சயம் நடப்படும். நெல் நாற்றங்காலிலோ கழிவுகூடக் கிடையாது, பிடுங்கியதெல்லாம் வயலுக்குத்தான்.

கழக அகாடமியில் கணக்கு தலைகீழ். உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் வெளியேதான் வருகிறார்கள், மிகச் சிலரே பெரிய திடலைப் பார்க்கிறார்கள். ‘நாற்றங்கால்’ என்று எழுதிப் பெற்றோரிடம் 80 வெள்ளி வாங்கும்போது, சொல்லே ஒரு வாக்குறுதி கொடுத்துவிடுகிறது: உங்கள் பிள்ளையை இங்கே விடுங்கள், எங்கேயோ நடப்படுவான். இதை நான் மொழிக் குற்றம் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

அதோடு, கழித்த கன்று குவியலில் காய்ந்துபோகும். கழித்த பையனுக்குக் கால் இருக்கிறது. ஹாரி கேனை எட்டு வயதில் சேர்த்த அர்செனல் ஒரே பருவத்தில் வேண்டாம் என்று அனுப்பியது. அவர் பக்கத்துப் பகைக் கழகமான டோட்டன்ஹாமுக்குப் போய், அதன் வரலாற்றிலேயே அதிகக் கோல் அடித்தவராக நின்றார். எந்த நாற்று இப்படிப் பழிவாங்கியிருக்கிறது?

பதாகை வைத்தவன் விடவில்லை. “ஸ்பெயின்காரன் கல்லுடைக்கிற குவாரின்னே சொல்றான் சார், அது மட்டும் நல்லாருக்கா?” நியாயமான கேள்விதான். ஸ்பானிய மொழியில் கழகத்தின் இளம் ஆட்டக்காரர் அமைப்புக்கு ‘கந்தேரா’ என்று பெயர், பொருள் கல் வெட்டும் குழி. ஆனால் பில்பாவோ நகரின் அத்லெட்டிக் கழகத்தைப் பாருங்கள். பாஸ்க் மண்ணில் பிறந்தவரையோ, அங்கே ஆடி வளர்ந்தவரையோ தவிர வேறு யாரையும் சேர்ப்பதில்லை. சொந்த மலையில் வெட்டிய கல்லில்தான் வீடு கட்டுவேன் என்பவன் குவாரி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கிறது. அந்த உவமை அவர்கள் ஊரில் முளைத்தது. நம் நாற்றங்கால் அப்படி ஆட்டக்காரர் வாயில் பிறந்ததா? திடலில் யாராவது “எந்த நாத்தங்கால்ல ஆடுற?” என்று கேட்டிருக்கிறார்களா? மேசையில் உட்கார்ந்தவர் ‘அழகாக இருக்கிறதே’ என்று செய்தது. இடம் பெயர்க்கும்போது அழகு எப்படிக் கெடும் என்பதற்கு இன்னொன்று: பார்சலோனா கழகத்தின் லா மாசியா, 1702-இல் கட்டிய கல் வீடு. 1979 முதல் 2011 வரை வெளியூர்ப் பையன்கள் தங்கும் விடுதியாக இருந்தது. காட்டலான் மொழியில் மாசியா என்றால் நாட்டுப்புறப் பண்ணை வீடு. அதற்காக ஒருவர் ‘பார்சலோனா பண்ணையில் வளர்ந்த மெஸ்ஸி’ என்று எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோழிதான் நினைவுக்கு வந்தது. இடப்பெயரை இடப்பெயராக விடுங்கள். நம் நாட்டுக் கம்பாங்கில் இருக்கும் மொக்தார் டஹாரி அகாடமியையும் அப்படியே விடுங்கள், அது ஒரு நிறுவனத்தின் பெயர்.

பாசறை, பட்டறை என்று சொல்கிறவர்களுக்கு ஒரே வரி: பாசறை மூன்று நாளில் முடியும், பட்டறை மதியச் சோற்றோடு முடியும். பயிற்சி மையம் பரவாயில்லை, பொய் சொல்லாத சொல். ஆனால் பெரியவர்கள் குழு தினமும் பயிற்சி செய்யும் இடமும் அதுதான், குழம்பும்.

என் சொல் பயிலகம். புதிதாக நான் செய்ததல்ல. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கைப் பல்தொழில்நுட்பப் பயிலகம் என்று எழுதுகிறார்கள். பயில் என்ற வேர் மூன்று வேலை செய்கிறது. கற்றல், திரும்பத் திரும்பச் செய்து பழகுதல், ஓர் இடத்தோடும் ஆட்களோடும் நெருங்கிப் பழகுதல். ஏழு வயதில் சேர்ந்து பதினெட்டு வரை ஒரே சட்டையில் இருக்கும் பையனுக்கு மூன்றும் பொருந்தும். இன்னொரு சாட்சியும் உண்டு. மேலே சொன்ன கம்பன் பாட்டின் முந்தைய அடி, ‘பந்தினை இளையவர் பயிலிடம்’. அங்கே இளையவர் இளம்பெண்கள். அவர்கள் பந்தாடிப் பழகும் இடம் சண்பக வனம். பந்து, இளையவர், பயிலும் இடம், சுற்றிலும் மரம். ஏதென்ஸ் தோப்புக்கு இதைவிட நல்ல பெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அதே பாட்டில்தான் கலைதெரி கழகமும் வருகிறது, அதையே எடுத்தால் என்ன என்பீர்கள். எடுத்திருக்கலாம், கிளப் அந்தச் சொல்லில் குடியேறாமல் இருந்திருந்தால். 

உலகக் காற்பந்துச் சட்டமும் பயிற்சியைத்தான் எண்ணுகிறது. ஒப்பந்தம் முடியாத ஆட்டக்காரரை வேறு கழகம் விலைக்கு வாங்கினால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துத் தரவேண்டும். எந்த வயதில் எங்கே பயின்றார் என்று ஆண்டு ஆண்டாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ‘அர்செனல் கழகப் பயிலகம்’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இடறுகிறதா? 

தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதையும் கழிப்பதையும் பயிலகம் காட்டாது என்பது உண்மை. அகாடமி மட்டும் காட்டுகிறதா?

இந்த ஒரு சொல்லோடு விஷயம் நிற்கவில்லை. அகாடமியில் வளர்ந்து மேலே வந்தவரை ‘மான்செஸ்டர் யுனைடெட் பட்டதாரி’ என்று எழுதுகிறார்கள். அந்தக் கழகம் 1937 அக்டோபரிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தன் இளையோர் அமைப்பில் வளர்ந்த ஒருவரையாவது குழுவில் வைத்திருக்கிறது. பட்டமளிப்பு விழா எப்போது நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ‘பயிலகத்தில் வளர்ந்தவர்’ என்றால் போதாதா? வெளியே அனுப்பிய பையனை ‘விடுவிக்கப்பட்டார்’ என்கிறார்கள், தைப்பிங் சிறையிலிருந்து வந்ததுபோல. ஹோம்குரோன் என்பதைச் சொந்த வளர்ப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் ‘உள்நாட்டு ஆட்டக்காரர்’. இது தப்பு மட்டுமில்லை, பொருளே மாறிவிடுகிறது. ஐரோப்பிய விதி பிறந்த நாட்டைப் பார்ப்பதில்லை. 15 முதல் 21 வயதுக்குள் மூன்று ஆண்டு அந்தக் கழகத்திலோ அதே நாட்டின் வேறு கழகத்திலோ பயிற்சி பெற்றாரா என்றுதான் பார்க்கிறது. ஸ்பெயின்காரர் செஸ்க் ஃபேப்ரகாஸ் பதினாறு வயதில் அர்செனலுக்கு வந்தவர். இங்கிலாந்துக் கணக்கில் அவர் சொந்த வளர்ப்பு. அவரை உள்நாட்டவர் என்று எழுதினால் அவர் அம்மாவே நம்பமாட்டார். ஆங்கில வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் ஆட்டத்தை ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும்.

போன வாரம் ஒட்டுக்கடையில் பதாகைக்காரன் மறுபடி வந்தான். பையன்கள் ‘நாற்றம் கால்’ என்று கிண்டல் பண்ணுவதை நிறுத்தவில்லையாம், பெயரை மாற்றலாம் என்றான். “காற்பந்துப் பயிலகம்னு போட்றவா சார்? புதுப் பதாகை 60 வெள்ளி ஆகும்.”

பாதி நான் தருகிறேன் என்றேன். ஆனால் உன்னிடம் கழகமும் இல்லை, தேர்வும் இல்லை, 80 வெள்ளி கட்டினால் யாரும் வரலாம். ஆகவே ‘பந்து வகுப்பு’ என்று போடுவதாக இருந்தால்தான் காசு என்றேன்.

தே தாரிக்குக்கு மட்டும் அவன் காசு கொடுத்துவிட்டுப் போனான்.