தொப்பூர் ஏற்றமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும்போது தொப்பூர் கணவாயில்தான் எங்கள் கார் முதலில் இடறியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல வெட்டி வெட்டி ஏறியது. முன்னால் கிரானைட் ஏற்றிய லாரி, பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ். எப்படியோ மேலே வந்து சமதரையைத் தொட்டதும், ஒன்றுமே நடக்காததுபோல் பட்டாக ஓடியது.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் ஒரு ஸ்பார்க் பிளக்கை (சிலிண்டருக்குள் பொறி அடித்துப் பெட்ரோலைப் பற்றவைப்பது) கழற்றி, அதற்கு மின்சாரம் தரும் காயிலோடு சேர்த்து இன்ஜின்மேல் வைத்து, உள்ளே உட்கார்ந்திருந்த பையனை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். டக் டக்கென்று நீலப் பொறி. “பாருங்க தம்பி, பளிச்சுனு அடிக்குது. பிளக்குல ஒண்ணும் இல்ல. பெட்ரோல்ல தண்ணி இருக்கும்” என்றார். ஐட்லிங்கும் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுவது) சீராகவே இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் அதே தொப்பூரில் அதே வெட்டு.

அவர் கண்ட பொறியும் நிஜம், ஏற்றத்தில் வந்த இடறலும் நிஜம். விடை பிளக்கின் நுனியில் உள்ள ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கிறது. (டீசல் கார்க்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். டீசலில் காற்றை அழுத்துகிற சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும், பொறி தேவையில்லை. அதில் இருக்கும் குளோ பிளக் வெறும் சூடேற்றி.)

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். இந்த வேலையைச் செய்வது இக்னிஷன் காயில். ஓர் இரும்புத் தண்டைச் சுற்றித் தடித்த கம்பி சில நூறு சுற்று, அதோடு தலைமயிர் போன்ற மெல்லிய கம்பி அதைப்போல் நூறு மடங்கு சுற்று. தடித்த கம்பியில் மின்சாரத்தை ஓடவிட்டு, சரியான நொடியில் சட்டென்று வெட்டிவிடுகிறார்கள். போர்வெல் தண்ணீர் வேகமாகப் பாயும்போது கேட் வால்வைத் திடீரென மூடிப் பாருங்கள், குழாய் அதிரும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் வேகம் அழுத்தமாக மாறுகிறது. காயிலிலும் அப்படித்தான்: காந்தப்புலம் சரிகிற வேகத்தில் மெல்லிய கம்பியில் 20,000, 30,000 வோல்ட் வரை எகிறும். 1860-ல் பாரிஸில் எத்தியேன் லெனுவார் தன் எரிவாயு இன்ஜினைப் பற்றவைத்ததும் இப்படியொரு தூண்டுசுருளால்தான். 1902-ல் பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் சுழலும் காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் கொண்டுவந்தார். அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

சரி, பட்டறையில் அடித்த பொறி ஏற்றத்தில் ஏன் அடிக்கவில்லை? காற்றில் எப்போதும் சில எலக்ட்ரான்கள் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் ஏறும்போது அவை வேகமெடுத்து ஓடி, எதிர்ப்படும் மூலக்கூறை மோதி, அதிலிருந்து இன்னொரு எலக்ட்ரானைத் தட்டி விடுகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கண நேரத்தில் ஒரு மின்பாதை திறந்துகொள்கிறது. அதுதான் பொறி. ஆனால் மோதித் தள்ள வேண்டுமென்றால் ஓடிவர இடம் வேண்டும். காலியான தெருவில் ஓடிவந்து ஒருவர்மேல் மோதினால் அவர் விழுந்துவிடுவார். குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேர்க் கூட்டத்தில் இரண்டடி எடுத்து வைப்பதற்குள் யார்மேலாவது இடித்துக்கொள்வோம், ஒருவரும் விழமாட்டார். மூலக்கூறுகள் நெருக்கமாக இருந்தால் எலக்ட்ரானுக்கும் அதே கதி. அந்தக் குறுகிய தூரத்துக்குள் அதே வேகத்தைக் கொடுக்க, மின்னழுத்தத்தை அந்த அளவுக்கு ஏற்ற வேண்டும்.

பட்டறையில் அண்ணன் சோதித்தது காலித் தெருவில். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கப்படுகிறது. அதிலும் ஐட்லிங்கில், காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறத்தாழ மூடியே இருப்பதால் உள்ளே வரும் காற்று கொஞ்சம்தான், கூட்டமும் கொஞ்சம்தான். தொப்பூர் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தும்போது த்ராட்டில் திறந்து, சிலிண்டர் நிரம்ப நிரம்பக் கலவை வந்து நெரிசலாகிறது. ஐட்லிங்கில் அடிக்கத் தேவைப்பட்டதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு மின்னழுத்தம் அப்போது தேவைப்படுகிறது. புது பிளக் அதைச் சமாளிக்கும். தேய்ந்த பிளக் அங்கேதான் தோற்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கம் ஏறும்போதும் இதே கதைதான். ஆக, “சமதரையில் நல்லா ஓடுது, ஏத்தத்துல மட்டும் மிஸ் அடிக்குது” என்பதே பிளக்கையோ காயிலையோ சுட்டிக்காட்டுகிற வாக்குமூலம். (பிளக்கை வெளியே வைத்து அடித்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும். இன்றைய காயில்களும் அதற்கான மின்சுற்றும் அதில் பழுதாகவும் கூடும்.)

பிளக் தேயத்தான் செய்யும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 1,250 பொறி. 40,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது ஒவ்வொரு பிளக்கும் 5 கோடி முறை அடித்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு பறந்துபோகிறது. இடைவெளி விரிகிறது. கூர்மையாக இருந்த விளிம்பு மழுங்குகிறது. மின்புலம் கூர்மையான இடத்தில்தான் குவியும் என்பதால் மழுங்கிய நுனிக்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. காயில் தன் முழு வோல்ட்டையும் எப்போதும் கொட்டுவதில்லை. இடைவெளி உடைகிற வரைக்கும்தான் ஏறும். பிளக் தேயத் தேய ஒவ்வொரு முறையும் அது உச்சம்வரை எகிற வேண்டியிருக்கிறது. ஒருநாள் மின்சாரம் பிளக்கின் நுனியை விட்டுவிட்டு, காயிலின் ரப்பர் உறையில் உள்ள சின்ன வெடிப்பு வழியாக இரும்புக்குத் தாவிவிடும். பிளக்கை மாற்றாமல் மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு காயிலுக்குக் கொடுக்க வேண்டி வரும். போதாக்குறைக்கு, எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதையும் கெடுக்கும். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அதற்குத்தான் எச்சரிக்கை. அப்போது ஓட்டாமல் நிறுத்திவிடுவது நல்லது.

கடைக்குப் போனால் நிக்கல், பிளாட்டினம், இரிடியம் என்பார்கள். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768-ல், இரிடியம் 2,400-க்கும் மேல். அதனால் இரிடியத்தை அரை மில்லிமீட்டர் ஊசியாக மெல்லியதாக்கினாலும் தாங்கும். ஊசி முனை என்பதால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும். பிறந்த சின்னத் தீயுருண்டையின் சூட்டைத் தடித்த உலோகம் உறிஞ்சிக்கொள்வதும் குறையும். நிக்கல் 20,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும், நல்ல இரிடியம் 1,00,000 வரைகூட. ஆனால் என் கருத்தில், காரின் கையேட்டில் நிக்கல் போட்டிருந்தால் நிக்கலே போதும். இரிடியம் போட்டால் மைலேஜ் அள்ளும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கையேட்டில் உள்ள பிளக் எண்ணை மட்டும் மாற்றக்கூடாது. பிளக்கின் நுனி சுமார் 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானே எரிந்து சுத்தமாகும். 850-ஐத் தாண்டினால் பொறிக்கு முன்பே அந்த நுனியே கலவையைப் பற்றவைத்துவிடும். இந்த வரம்புக்குள் வைத்திருப்பது உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கின் நீளம். (அந்தப் பீங்கான் அலுமினியம் ஆக்ஸைடு. மாணிக்கக் கல்லும் அதே பொருள்தான்.) என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண் கூடினால் ‘குளிர்ந்த’ பிளக் (சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளுவது), பாஷில் எண் கூடினால் ‘சூடான’ பிளக் (சூட்டைப் பிடித்துவைப்பது). “ரெண்டும் ஏழுதானே சார்” என்று கடைக்காரர் நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

வீட்டிலேயே மாற்றலாமா? நாலு சிலிண்டர் கார், பானெட்டைத் திறந்ததும் காயில்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால் தாராளமாக. 10 எம்எம் ஸ்பேனர், ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட் (பல கார்களுக்கு 16 எம்எம்), இவ்வளவுதான். முந்தின இரவே வண்டியை நிறுத்தி, காலையில் இன்ஜின் முழுக்க ஆறியபின் தொடங்க வேண்டும். எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி பிளக் குழிக்குள் அடைந்து கிடக்கும். கழற்றுவதற்கு முன் சைக்கிள் பம்பால் அதை ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு பிளக் மட்டும். நாலையும் கழற்றிப் பரப்பிவிட்டு, எந்த ஒயர் எங்கே என்று முழிக்க வேண்டாம்.

ஆபத்து இருப்பது மாட்டும்போது. இன்ஜின் ஹெட் அலுமினியம், பிளக் எஃகு. இரண்டும் மல்லுக்கட்டினால் அலுமினிய மரைதான் உரியும். கல்லூரிக் காலத்தில் அப்பாவின் பைக்கில் “இன்னும் கொஞ்சம்” என்று ஸ்பேனரை ஒரு இழு இழுத்தேன். சட்டென்று கை லேசானது. அந்த லேசான உணர்வு இன்னும் மறக்கவில்லை. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட ஆன செலவில் பத்து முறை மெக்கானிக்குக் கூலி கொடுத்திருக்கலாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு மாதம் சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

அதனால் இப்போது பிளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் ஹோஸைச் செருகி, அதைப் பிடித்துத்தான் திருகுகிறேன். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், பலம் போகாது. கையால் திருகி முழுவதும் உட்கார்ந்தபின், புது பிளக்கென்றால் பெரும்பாலும் அரைச் சுற்று. பெட்டியிலேயே படம் இருக்கும். வாஷர் இல்லாத கூம்பு அடியுள்ள பிளக்குக்குப் பதினாறில் ஒரு சுற்றே போதும். 12 எம்எம் மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் என்பார்கள். 20 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ அரிசி மூட்டை தொங்கினால் வருகிற முறுக்கு ஏறத்தாழ 20. எவ்வளவு குறைவு பாருங்கள். ஓசூரில் வண்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் சித்தப்பா மகன் குறித்துவைத்த முறுக்கு வந்ததும் ‘டக்’கென்று சத்தம் வரும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடமாட்டான். மரையில் எண்ணெய் பூசுவதும் வேண்டாம். உராய்வு குறைந்து, அதே பலத்துக்கு அதிகமாக இறுகிவிடும். பயந்து தளர்வாக விட்டாலும் சிக்கல். பிளக்கின் சூடு வெளியேறும் வழியே அந்த மரையும் வாஷரும்தான். சரியாக உட்காராத பிளக் வெந்து போகும்.

அப்படியென்றால் மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி எதற்கு? திருகுவதற்கென்று நான் நினைக்கவில்லை. கழற்றிய பிளக்கை வாசிப்பதற்கு. வெளிர் காபி நிறமென்றால் நலம். காய்ந்த கறுப்புக் கரியென்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அதிகச் சூடு. நுனியில் எண்ணெய் ஈரமென்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். மரையிலும் வெளிப் பீங்கானிலும் மட்டும் எண்ணெயென்றால் மேல்மூடியின் ரப்பர் சீல், சின்னச் செலவு. இரும்பு உடலுக்கு மேலே பீங்கானைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்தால் “கேஸ் லீக்” என்று பலர் பிளக்கையே குறை சொல்வார்கள். அது உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்துப் படியவைத்த கறை, ஒன்றும் செய்யாது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக்கே தெரியும் என்கிற கார்களுக்கும், பாதியில் அசையாமல் நின்றுவிட்ட பிளக்குக்கும் யோசிக்காமல் பட்டறைக்கே போய்விடுங்கள்.

நான் போன ஞாயிற்றுக்கிழமை மாற்றினேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. பழைய நாலையும் ஒரு பேப்பரில் வரிசையாக சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்ணன் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தார். 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.5. “ஏத்தத்துல மட்டும்தானே வெட்டுச்சு? முன்னாடியே அதைக் கேட்டிருக்கணும்” என்று தலையைச் சொறிந்தார். பிறகு மூன்றாவது பிளக்கை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கவனிக்கவே இல்லை, அதன் நுனி எண்ணெயில் மினுங்கியது. “மரையில இல்ல, நுனியில இருக்கு தம்பி. திங்கக்கிழமை வண்டிய விட்டுட்டுப் போங்க, கம்ப்ரஷன் பாத்துடலாம்.”